சாய்ந்து நிற்க ஒரு கயிறு, விழுந்தால் பிடிக்க இன்னொன்று

கைபேசிக் கோபுரங்களில் ஆன்டெனா பொருத்தும் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஓர் இளைஞர் கேட்டிருப்பதன் சாரம் இது. அவருக்குத் தோள், நெஞ்சு, தொடைகளைச் சுற்றிப் பூட்டும் பட்டைத் தொகுப்பான முழு உடல் ஹார்னஸ் ஒன்றும், இடுப்பின் இருபுற வளையங்களில் மாட்டிக் கோபுரத்தின் இரும்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் பொசிஷனிங் லேன்யார்டு என்ற இடுப்புக் கயிறு ஒன்றும் கொடுத்திருக்கிறார்கள். விழும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் உள்ள இன்னொரு லேன்யார்டும் உண்டு. ஆனால், "அது ஏறி இறங்கும்போது போட்டால் போதும், வேலை செய்யும் இடத்துக்குப் போனதும் அது இடைஞ்சல், கழற்றி வைத்துவிடு, இடுப்புக் கயிறே உன்னைத் தாங்கும்" என்று உடன் வேலை செய்யும் மூத்தவர்கள் சொல்கிறார்களாம். அது சரிதானா, இடுப்புக் கயிற்றை மட்டும் நம்பி மேலே நிற்கலாமா, சொந்தமாக ஒன்று வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பவை அவருடைய ஐயங்கள்.

நிற்கக் கூடாது என்பதே என் பதில். பொசிஷனிங் லேன்யார்டு உங்களை வேலை செய்யும் நிலையில் தாங்கிப் பிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. விழுகிற உடலைப் பிடித்து நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டதன்று. இவை இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் கயிற்றின் மீதும் உடலின் மீதும் இவை ஏற்படுத்தும் விசை முற்றிலும் வேறு. அந்த வேறுபாடு கணக்காகவே மனத்தில் பதிந்துவிட்டால், மேலே ஏறிய பிறகு எந்தக் கயிற்றைக் கழற்றலாம் என்ற கேள்விக்கு வேறொருவரின் அனுபவத்தை நம்பியிருக்க வேண்டிய தேவை இருக்காது.

கோபுரத்தின் ஒரு காலில் பாதங்களை ஊன்றி, இடுப்புக் கயிற்றில் பின்புறமாகச் சாய்ந்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் எடை 80 கிலோ. உடல் செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருக்கிறது. கயிறு ஏறத்தாழக் கிடைமட்டமாக இருக்கிறது. அப்போது கயிறு இழுக்கும் விசை உங்கள் எடையில் பாதிக்குச் சற்று மேல், அதாவது சுமார் 46 கிலோ எடைக்குச் சமம். அது இரண்டு பக்க வளையங்களுக்கும் பிரிந்து போவதால் ஒவ்வொரு பக்கமும் 23 கிலோதான். 45 பாகை வரை சாய்ந்தாலும் மொத்த விசை உங்கள் எடையைத் தாண்டாது. ஆகவே, சாய்ந்து நிற்பவருக்குக் கயிறு மிக வலுவானதாகத் தெரியும். ஒரு நாள் முழுவதும் சாய்ந்திருந்தாலும் அது முனகுவதில்லை. "இதுவே தாங்கும்" என்ற நம்பிக்கை பிறப்பது இந்த அனுபவத்திலிருந்துதான். அந்த அனுபவம் பொய்யானதன்று. ஆனால் அது சாய்வதைப் பற்றிய அனுபவமே தவிர விழுவதைப் பற்றியதன்று.

இப்போது விழுவதைப் பார்ப்போம். பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் 100 கிலோ எடையை எடுத்துக்கொள்வோம். கருவிப் பையுடன் மேலே நிற்கும் ஒருவரின் எடை அதற்கு மிகத் தொலைவில் இல்லை. இந்த எடை 0.6 மீட்டர் மட்டும் தடையின்றி விழுந்து, நீட்சி இல்லாத கயிற்றில் 5 சென்டிமீட்டர் தொலைவுக்குள் நின்றால், நிற்கும் கணத்தில் சராசரியாக 12 முதல் 13 கிலோநியூட்டன் விசை உண்டாகும். ஏறத்தாழ 1.3 டன் எடையை ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் இடுப்பில் ஏற்றுவதற்கு இது சமம். விழும் தொலைவு 2 மீட்டராக இருந்து, கயிறு சற்றுத் தாராளமாக 10 சென்டிமீட்டர் நீண்டு கொடுத்தால்கூட விசை 20 கிலோநியூட்டனைத் தாண்டிவிடும். கயிறு அறாமல் நின்றாலும் அதன் நடுவில் இருக்கும் மனிதரின் விலாவும் முதுகெலும்பும் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளும் அதைத் தாங்கப் பிறந்தவை அல்ல.

அப்சார்பர் உள்ள லேன்யார்டு இந்த இடத்தில்தான் உதவுகிறது. மடித்துத் தைக்கப்பட்ட பட்டை ஒரு குறிப்பிட்ட விசைக்கு மேல் போனதும் தையல் பிரிந்து நீளத் தொடங்கும். நிற்கும் தொலைவு கூடுவதால் விசை குறையும். ஐரோப்பியத் தரமான இஎன் 355-இன்படி அந்த விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அதே 100 கிலோ எடை 2 மீட்டர் விழுந்து 6 கிலோநியூட்டனில் நிற்க வேண்டுமானால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தேவைப்படும்; நடைமுறையில் பல அப்சார்பர்கள் அதைவிடக் குறைந்த விசையிலேயே பிரியத் தொடங்குவதால் இன்னும் அதிகமாக நீளும். பொசிஷனிங் லேன்யார்டில் இப்படிப் பிரிந்து கொடுக்கும் பகுதி ஏதுமில்லை. இருக்கவும் கூடாது, ஏனெனில் சாய்ந்து நிற்கும்போது நீண்டு கொடுக்கும் கயிற்றில் எவரும் நிதானமாக ஸ்பேனர் பிடிக்க முடியாது. ஒரே கயிறு இரண்டு வேலையையும் செய்ய முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

இதை உணர்ந்தே தரங்களும் விதிகளும் வரம்பு வகுத்திருக்கின்றன. பொசிஷனிங் பெல்ட்டுக்கும் லேன்யார்டுக்கும் உரிய ஐரோப்பியத் தரம் இஎன் 358. அதன்படி லேன்யார்டு 15 கிலோநியூட்டன் நிலைவிசையை 3 நிமிடங்கள் தாங்கிக் காட்ட வேண்டும்; அதே வேளையில், இந்தக் கருவி விழுகையைத் தடுப்பதற்குரியதன்று என்பதும், கயிறு இடுப்பு மட்டத்திலோ அதற்கு மேலோ சுற்றப்பட்டு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதும், விழக்கூடிய சூழலில் கூடுதல் பாதுகாப்பு தேவை என்பதும் அதன் பயன்பாட்டு விதிகளில் அடங்கும். அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிகள், பொசிஷனிங் அமைப்பில் ஒருவர் 0.6 மீட்டருக்கு, அதாவது 2 அடிக்கு மேல் விழ இயலாதபடி கட்ட வேண்டும் என்றும், கட்டும் இடம் 13.3 கிலோநியூட்டனையோ விழும்போது ஏற்படக்கூடிய விசையின் இரு மடங்கையோ, இவற்றில் எது அதிகமோ அதைத் தாங்க வேண்டும் என்றும் சொல்கின்றன. சுவர்க்கம்பி கட்டுபவருக்கும் சென்ட்ரிங் பலகையின் முகப்பில் நின்று வேலை செய்பவருக்கும் பொசிஷனிங் அமைப்பையே விழுகைப் பாதுகாப்பாக அந்த விதிகள் ஏற்கின்றன என்பதை உங்கள் மூத்தவர்கள் யாராவது சுட்டிக்காட்டலாம். உண்மைதான். ஆனால் அந்த இசைவு முழுவதும் 2 அடி என்ற எண்ணில்தான் நிற்கிறது. கயிறு தளர்ந்து முழங்கால் மட்டத்துக்கு இறங்கிய கணத்திலேயே அது செல்லாததாகிவிடும். இடுப்புப் பெல்ட்டை மட்டும் அணிந்து விழுகையைத் தடுக்கும் முறையை அதே ஓஷா 1998 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கணக்கைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் இன்னொன்று உண்டு; பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. இடுப்புக் கயிறு கம்பத்தைச் சுற்றியிருக்கிறதே தவிரக் கம்பத்தோடு கட்டப்பட்டிருக்கவில்லை. நீங்கள் சாய்ந்திருக்கும்வரை கயிற்றுக்கும் கம்பத்துக்கும் இடையிலான உராய்வு அதை அங்கே நிறுத்தி வைக்கிறது. கால் வழுக்கி உடல் கம்பத்தை நோக்கி வந்தால் கயிறு தளர்கிறது. தளர்ந்த கயிற்றில் உராய்வு இல்லை. வழவழப்பான கம்பமானால் நீங்களும் கயிறும் சேர்ந்தே கீழே சறுக்குவீர்கள். மின்கம்பத்தில் ஏறும் நம் ஊழியர்களில் பலருக்கு இது நேரடி அனுபவம். மேலே போகப் போகக் கம்பம் மெலிவதால் ஒவ்வொரு ஏற்றத்திலும் கயிற்றைச் சற்றுச் சுருக்க வேண்டும்; சுருக்க மறந்தால் உடம்புக்கும் கம்பத்துக்கும் இடையே இடைவெளி கூடிக்கொண்டே போகும். பனையேறுபவர் பாதங்களில் பூட்டிக்கொள்ளும் தளைநாரும் உராய்வைக் கொண்டே வேலை செய்கிறது. ஆனால் அவர் கைகளால் மரத்தை அணைத்துக்கொண்டிருக்கிறார். இடுப்புக் கயிற்றில் சாய்பவரோ கைகளை விட்டுவிடுகிறார்.

ஆகவே, கயிற்றைச் சுற்றுவதற்கு முன், அது கீழே சறுக்கினால் எங்கே போய் நிற்கும் என்று பார்க்க வேண்டும். இரும்புச் சட்டங்களைப் பின்னிக் கட்டிய லேட்டிஸ் கோபுரமானால் குறுக்குச் சட்டம் காலோடு சேரும் மூட்டுக்கு மேலாகச் சுற்றுங்கள். கயிறு இறங்கினாலும் அந்த மூட்டில் தங்கும். ஒற்றைக் குழாய்க் கோபுரமானால் படிக்கட்டுக் கொக்கி, கிளாம்ப், ஆன்டெனா தாங்கி போன்ற, அசையாத, எடை தாங்கக்கூடிய ஒரு தடைக்கு மேலே சுற்ற வேண்டும். கேபிள்களைக் கட்டிவைக்கும் மெல்லிய தகடோ, இரண்டு சிறு போல்ட்டில் நிற்கும் விளக்குத் தாங்கியோ தடையாகாது. அமெரிக்காவில் மின்கம்பம் ஏறும் பணியாளர்களுக்கு, விழும்போது மரக்கம்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் சிறப்புக் கயிறுகள் பரவலாகியிருப்பதன் பின்னணியிலும் இதே சறுக்கல்தான் இருக்கிறது. ஏறும்போதும் இடம் மாறும்போதும்கூட விழுகைப் பாதுகாப்பு வேண்டும் என்று அங்கே விதி திருத்தப்பட்டது 2014-இல்.

இனி இரண்டாவது கயிற்றுக்கு வருகிறேன். கோபுரத்தில் ஏறும்போது இரட்டைக் கால் உள்ள அப்சார்பர் லேன்யார்டைப் பயன்படுத்துவீர்கள்: ஒரு கொக்கி மாட்டிய பிறகே மற்றதைக் கழற்றுவது. வேலை செய்யும் இடத்தை அடைந்ததும் அதன் இரு கொக்கிகளில் ஒன்றையாவது தலைக்கு மேலே, இடுப்புக் கயிறு சுற்றியிருக்கும் சட்டத்திலிருந்து வேறான ஓர் உறுதியான சட்டத்தில் மாட்டி, அப்படியே விட்டுவிடுங்கள். அதன்பிறகு இடுப்புக் கயிற்றைச் சுற்றிச் சாயுங்கள். அப்சார்பர் லேன்யார்டு ஹார்னஸின் முதுகு வளையத்திலோ நெஞ்சு வளையத்திலோ இருக்க வேண்டும்; பக்க வளையங்களில் ஒருபோதும் இருக்கக் கூடாது. ஒரே ஒரு பக்க வளையத்தில் தொங்க நேர்ந்தால் உடல் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். அந்த வளையங்கள் இரண்டும் சேர்ந்து சாய்வுச் சுமையைத் தாங்குவதற்கே அமைந்தவை. பயன்படுத்தாத மற்றக் கொக்கியை ஹார்னஸில் சுமை தாங்கும் வளையத்தில் மாட்டி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அப்படி மாட்டினால் விழும்போது விசை அப்சார்பரைச் சுற்றிக்கொண்டு நேராக உடலுக்குப் போக வழியுண்டு. அதற்கென்றே பல ஹார்னஸ்களில் எளிதில் விடுபடும் சிறு பட்டை ஒன்று நெஞ்சருகே வைத்திருப்பார்கள்.

"இடைஞ்சல்" என்று உங்கள் மூத்தவர்கள் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முதுகுக்குப் பின்னால் தொங்கும் கயிறு கருவிப் பையில் சிக்கும். காலுக்குக் கீழே மாட்டியிருந்தால் தடுக்கவும் செய்யும். ஆனால் கொக்கியைத் தலைக்கு மேலே மாட்டினால் கயிறு உங்கள் வேலைப் பக்கத்திலிருந்து விலகி நிற்கும். விழும் தொலைவும் வெகுவாகக் குறையும். அப்படி மாட்டிய நாளிலிருந்து இடைஞ்சல் என்ற பேச்சே பெரும்பாலும் நின்றுவிடுவதை நான் பயிற்றுவித்த பலரிடம் கண்டிருக்கிறேன். தரைக்கு அருகிலான வேலைக்கும் இதே காரணத்தால் மேலே மாட்டுவது அவசியம். 2 மீட்டர் கயிறு, அப்சார்பர் அதிகபட்சமாக நீளக்கூடிய 1.75 மீட்டர், வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர், அதன் கீழே பாதுகாப்புக்காக ஒரு மீட்டர் எனக் கூட்டினால் கொக்கிக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஒருவர் கால் மட்டத்தில் கொக்கியை மாட்டினால், அப்சார்பர் பிரிந்து முடிவதற்குள் அவர் தரையைத் தொட்டுவிடுவார். அந்த உயரங்களில் தானாகச் சுருளும் வகைக் கருவி மேலிருந்து தொங்குவதே நல்லது.

கொக்கி மாட்டுவதைப் பற்றி நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் ஒரு கப்பல் பட்டறையில் சாரம் கட்டும் குழுவோடு வேலை செய்துகொண்டிருந்தேன். அன்று மாலை வெளிச்சம் குறைந்த நேரம். என் பக்கத்தில் நின்ற தோழர் இடுப்புக் கயிற்றைக் குழாயைச் சுற்றி எடுத்து, கொக்கியை வலப்பக்க வளையத்தில் மாட்டினார். "கிளிக்" என்ற ஓசை எனக்கும் கேட்டது. அவர் கையை விட்டுச் சாயப் போகும் கணத்தில் குனிந்து பார்த்தவன் நான். கொக்கி இரும்பு வளையத்தில் இல்லை, அதற்கு ஒரு விரற்கடை பின்னால் சுத்தியல் தொங்கவிடுவதற்காகத் தைத்திருந்த மெல்லிய பட்டையில் மாட்டியிருந்தது. நான் அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தினேன். அவர் அவசரக்காரர் அல்லர், அந்தக் குழுவிலேயே நிதானமானவர். கையுறை அணிந்த விரல்களுக்கு இரும்பு வளையமும் பட்டையும் ஒன்றுபோலவே தோன்றியிருக்கின்றன. காது கேட்ட ஓசையை மனம் நம்பியிருக்கிறது. ஓசை கொக்கி மூடியதைத்தான் சொல்கிறது. எதில் மூடியது என்பதைச் சொல்வதில்லை. அன்றிலிருந்து என் பழக்கம் இது: கொக்கியைக் கண்ணால் பார்ப்பேன், விரலால் வாயைத் தள்ளிப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன், ஒரு கையால் இரும்பைப் பிடித்தபடியே மெல்ல எடையைக் கயிற்றுக்கு மாற்றுவேன், முழு எடையும் கயிற்றில் இறங்கி அது நின்ற பிறகே கையை எடுப்பேன். இதற்கு ஐந்து நொடி ஆகும்.

பழைய வகைக் கொக்கிகளில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒற்றை விசையில் திறக்கும் கொக்கி, வளையத்தில் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் புரண்டால் வளையமே அதன் வாயை அழுத்தித் திறந்துவிடும். கொக்கி தானாகக் கழன்று விழும். இரண்டு தனி அசைவுகள் இருந்தால் மட்டுமே திறக்கும் பூட்டுக் கொக்கிகளை ஓஷா 1998 முதல் கட்டாயமாக்கியது இதனால்தான். இன்றைக்கும் சில கடைகளில் ஒற்றை விசைக் கொக்கியுடன் மலிவாக விற்கிறார்கள். விலையைக் கேட்பதற்கு முன் கொக்கியைத் திறந்து பாருங்கள். ஒரே அழுத்தத்தில் திறந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

வாங்குவது பற்றிய கேள்விக்கு இங்கேயே தொடர்கிறேன். முதலில் கயிற்றிலோ பட்டையிலோ தைத்திருக்கும் அடையாளச் சீட்டு: தர எண், தயாரித்த மாதமும் ஆண்டும், தொடர் எண், நீளம் ஆகியவை தெளிவாகப் படிக்க இயல வேண்டும். ஹார்னஸுக்கும் பெல்ட்டுக்கும் இந்தியத் தரம் ஐஎஸ் 3521. ஐரோப்பியப் பொருளானால் பொசிஷனிங் லேன்யார்டில் இஎன் 358 இருக்க வேண்டும். அமெரிக்கப் பொருளானால் ஆன்சி இசட் 359.3. இஎன் 354 என்று மட்டும் இருந்தால் அது வெறும் இணைப்புக் கயிறு, நீளம் சரிசெய்து சாய்வதற்குரியதன்று. சீட்டு இல்லாத கயிறு எவ்வளவு புதிதாக இருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி. ஒரு நாளில் நூறு முறையாவது கை படப்போவது அதில்தான் என்பதால் என் பார்வையில் விலைக்குரிய மதிப்பு அதில்தான் இருக்கிறது. துளை வழியே பட்டையை மாற்றி மாற்றிப் பூட்டும் வகை மலிவு. ஆனால் எடை கயிற்றில் இருக்கும்போது நீளத்தை மாற்ற முடியாது, அதனால் பணியாளர் சரிசெய்யாமலேயே விட்டுவிடுகிறார், கயிறு தளர்ந்தே இருக்கிறது. பிடிப்பான் ஒன்று கயிற்றை ஒரு திசையில் ஓடவிட்டு மறு திசையில் கவ்வும் வகை, சாய்ந்தபடியே ஒரு கையால் இறுக்கவும் மெல்லத் தளர்த்தவும் இடம் தரும். பெட்ஸ்ல் நிறுவனத்தின் கிரிலான் இந்த வகையில் பலரும் அறிந்தது. அதைப் போன்ற கருவிகள் அவற்றுக்கென்று சொல்லப்பட்ட கயிற்றில் மட்டுமே சரியாகக் கவ்வும். தேய்ந்த கயிற்றைக் கழற்றிவிட்டுக் கடைத்தெருவில் அதே பருமனில் கிடைத்த கயிற்றைக் கோத்துக்கொள்வதும், கயிற்றின் கடைசியில் தைத்திருக்கும் தடுப்பை "நீளம் போதவில்லை" என்று அறுத்தெடுப்பதும் நான் கண்டிருக்கும் செயல்கள். அந்தத் தடுப்பு இல்லையென்றால் கயிறு முழுவதும் கருவியை விட்டு வெளியே ஓடிவிடும். நீளம் 2 முதல் 5 மீட்டர் வரை கிடைக்கும். உங்கள் கோபுரத்தின் மிகப் பருமனான காலைச் சுற்றிச் சாயத் தேவையானதற்கு மேல் வாங்க வேண்டாம், மிச்சக் கயிறு காலில் சிக்கும்.

கயிறு எதனால் ஆனது என்பதும் இடத்தைப் பொறுத்தே அமைய வேண்டும். நைலானும் பாலியெஸ்டரும் பொதுவான வேலைக்கு நல்லவை. நைலானுக்கு அமிலம் பகை, பாலியெஸ்டருக்குக் கடுங்காரம் பகை. கோபுரத்தின் அடியில் உள்ள அறையில் பேட்டரிகள் இருக்கும். அதன் பக்கத்திலேயே ஹார்னஸ் பையை வீசிவிட்டுப் போவது கோபுர வேலையில் சர்வ சாதாரணம். ஒரு துளி பேட்டரி அமிலம் நைலானில் பட்டால் அதன் தடம் கண்ணுக்குத் தெரியாமலேயே இழை மடிந்துவிடக்கூடும். வெல்டிங் நடக்கும் இடத்துக்கு அராமிட் இழைக் கயிறு பொருந்தும். அது உருகாமல் கருகும். மிக வலுவானதென்று விற்கப்படும் பாலிஎத்திலீன் இழைக் கயிறு 150 பாகை செல்சியஸுக்குச் சற்று முன்னதாகவே உருகிவிடுவதால் அங்கே கொண்டு போகக் கூடாது. மரம் வெட்டுபவர்கள் எஃகுக் கம்பி உள்ளே வைத்த கயிற்றைப் பயன்படுத்துகிறார்கள். வெட்டுக்கு அது சற்றுத் தாக்குப்பிடிக்கும். ஆனால் மின்சாரம் கடத்தும் என்பதால் மின்கம்பிக்கு அருகே அதை நினைக்கவே வேண்டாம்.

எந்த இழையானாலும் விளிம்பு அதற்கு எதிரி. துத்தநாகம் பூசிய ஆங்கிள் இரும்பின் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். பூச்சு வழிந்து உறைந்த இடங்களில் ரம்பப்பல் போன்ற முட்கள் இருக்கும். தளர்ந்த கயிற்றை அதில் தேய்த்தால் பஞ்சுபோல நூல் எழும்பும், அவ்வளவுதான். இழுவிசையில் இருக்கும் கயிறு அதே விளிம்பில் பக்கவாட்டில் நகர்ந்தால் கத்தியால் கீறியது போலப் பிரியும். ஆகவேதான் பொசிஷனிங் லேன்யார்டுகளில் நகர்த்தக்கூடிய தோல் அல்லது கனத்த துணி உறை இருக்கிறது. கயிற்றைச் சுற்றியதும் அந்த உறை இரும்பின் மீது வந்திருக்கிறதா என்று பார்ப்பதும், நீளத்தை மாற்றும்போது உறை இடம் நழுவியிருந்தால் இழுத்து விடுவதும் மறக்கக் கூடாதவை.

ஒவ்வொரு நாளும் ஏறுவதற்கு முன் கயிற்றைச் சோதிப்பது உங்கள் வேலை; மேற்பார்வையாளரின் கையெழுத்து அதற்கு மாற்றாகாது. கையுறையைக் கழற்றிவிட்டு, கயிற்றை ஒரு முனையிலிருந்து கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே மெல்ல ஓடவிடுங்கள். நல்ல கயிறு முழு நீளத்திலும் ஒரே பருமனாகவும் ஒரே இறுக்கமாகவும் விரலுக்குத் தெரியும். திடீரென்று ஓரிடத்தில் விரல் உள்ளே அமுங்கினால் உள் இழை அறுந்திருக்கிறது. விறைத்துக் கட்டியாக இருந்தால் உருகியோ வேதிப்பொருள் பட்டோ இருக்கிறது. அந்த இடத்தில் வளைத்துப் பார்த்தால் கயிறு வட்டமாக வளையாமல் மூலையாக மடியும். தையல் நூல் வேறு நிறத்தில் இருப்பது அறுந்தால் தெரிவதற்காகத்தான். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் கயிறு ஓய்வு பெற வேண்டும். பிறகு பிடிப்பானைத் திறந்து உள்ளே மண், சிமென்ட், பெயின்ட் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். தரையில் நின்றபடியே ஒரு கம்பத்தைச் சுற்றி முழு எடையையும் போட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, கயிறு சிறிதேனும் நழுவுகிறதா என்று கவனியுங்கள். மழை நாளிலும் சேறு பட்ட கயிற்றிலும் இந்தச் சோதனையைத் தவற விடாதீர்கள்.

இதற்கு மேல், தேர்ச்சி பெற்ற ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும் என்பது இஎன் 365-இன் விதி. தினமும் உழைக்கும் கருவிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் துணி வகைக் கருவிக்கு அதிகபட்சமாகப் பத்து ஆண்டுகள் சொல்கிறார்கள். கடற்கரைக் கோபுரத்தில் வெயிலும் உப்புக் காற்றும் படும் கயிறு அதில் பாதிக்காலம்கூட நிற்காமல் போகலாம். ஒரு முறை விழுகையைத் தாங்கிய கருவி எப்படித் தோன்றினாலும் மீண்டும் பயன்படக் கூடாது. கீழே கொண்டுவந்து துண்டு துண்டாக வெட்டிவிடுங்கள், வேறொருவர் எடுத்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஒன்றே வழி. அழுக்கானால் வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவி நிழலில் காயவையுங்கள். மார்க்கர் பேனாவால் கயிற்றில் பெயர் எழுத வேண்டாம்; மையில் உள்ள கரைப்பான் இழையைத் தாக்கக்கூடும், அடையாளச் சீட்டில் எழுதலாம்.

மூத்தவர்களிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள் என்பதை அறிவேன். வாதிட வேண்டாம். "அண்ணா, நான் மேலே ஒரு கொக்கியை மாட்டியே வைத்துக்கொள்கிறேன், வேலை தாமதமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளுங்கள். மேலே மாட்டிய கொக்கியால் வேலை தாமதமாவதில்லை என்பதை ஒரு வாரத்தில் அவர்களே பார்ப்பார்கள். சிங்கப்பூரில் 2013-இல் வந்த உயரப்பணி விதிகளின் கீழ், 3 மீட்டருக்கு மேல் விழக்கூடிய வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்றானபோதும் தொடக்கத்தில் எங்கள் குழுவில் முணுமுணுப்பு இருந்தது. சில மாதங்களில் அது பழகிப்போய்விட்டது. அவர்கள் கழற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அந்தக் கோபுரத்தில் ஏற மறுப்பது உங்கள் உரிமை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அப்சார்பர் கயிறு உங்களைப் பிடித்துவிட்டால் அத்துடன் ஆபத்து தீர்வதில்லை. ஹார்னஸில் அசைவின்றித் தொங்கும் உடலில் இரத்தம் கால்களிலேயே தேங்கும். நினைவிழந்தவருக்குச் சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகலாம். தொங்க நேர்ந்தால் கால்களை அசைத்துக்கொண்டே இருங்கள். பக்கத்தில் இரும்பு எட்டினால் உங்கள் இடுப்புக் கயிற்றையே வளையமாக்கி அதில் பாதத்தை ஊன்றி எழுந்து நில்லுங்கள், தொடைப் பட்டையின் அழுத்தம் குறையும். ஏறுவதற்கு முன், "நான் தொங்கினால் யார், எந்தக் கயிற்றைக் கொண்டு, எவ்வளவு நேரத்தில் என்னைக் கீழே இறக்குவார்கள்?" என்று குழுத் தலைவரிடம் கேளுங்கள். தீயணைப்புத் துறையை அழைப்போம் என்பது மட்டும் பதிலாக வந்தால், மீட்புக் கயிறும் அதை இயக்கத் தெரிந்த ஒருவரும் இடத்துக்கு வந்து சேரும்வரை தரையிலேயே காத்திருங்கள்.